குமரி மாவட்டத்தில் அடக்கமும் தகனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறந்தவரைப் புதைப்பதா எரிப்பதா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் சாதியோ சமயமோ முன்கூட்டியே விடை சொல்லிவிடும். குமரி மாவட்டத்தில் அது அவ்வளவு எளிதில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கே இந்துக்களும் கிறித்தவர்களும் ஏறத்தாழச் சம அளவில் இருக்கிறார்கள். அண்ணன் கோவிலுக்கும் தம்பி சபைக்கும் சித்தப்பா அய்யாவழிப் பதிக்கும் போகிற குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் வாழும் நெருக்கமான நிலம் வேறு. சாவு நேர்ந்த துஷ்டி வீடுகளில் மெல்லிய குரலில் கேட்கப்படுகிற, பல வேளைகளில் சண்டையாகவும் முடிகிற கேள்விகளுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறோம்.

புதைப்பது கிறித்தவ, இசுலாமிய வழக்கம். எரிப்பது இந்து வழக்கம் என்பது சரிதானே?

சரியல்ல. இறந்தோரை எரித்தல், வெட்டவெளியில் இட்டுவிடுதல், குழி தோண்டிப் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் அடைத்து வைத்தல், தாழியில் கவித்தல் என ஐந்து முறைகளும் ஒரே ஈமப்பரப்பில் நடந்ததாக மணிமேகலை சொல்கிறது. தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூரில் தோண்டத் தோண்டக் கிடைத்த முதுமக்கள் தாழிகள், அடக்கம் செய்வது இந்த மண்ணுக்கு எவ்வளவு பழையது என்பதற்குச் சான்று. இன்றைக்கும் குமரியில் இந்துக் குடும்பங்கள் பலவற்றில் அடக்கமே வழக்கம். தகனம் செய்யும் குடும்பங்களிலும் சிறு குழந்தைகளைப் புதைப்பதுதான் மரபு. துறவியரைச் சமாதி வைப்பதும் அப்படியே. மறுபுறம், கத்தோலிக்கத் திருச்சபை தகனத்துக்கு அனுமதி அளித்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆகவே ஒருவர் அடக்கம் செய்யப்பட்டார் என்பதை வைத்து அவருடைய சமயத்தை முடிவு செய்வதும், தகனத்தைக் கேட்ட குடும்பத்தை "மதம் மாறிவிட்டார்கள்" என்று பேசுவதும் அறியாமையால் வருபவை. அந்தப் பேச்சு துக்கத்தில் இருப்பவர்களை எவ்வளவு புண்படுத்தும் என்பதைப் பேசுகிறவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

அய்யாவழியினர் ஏன் எரிப்பதில்லை?

சாமிதோப்பைத் தலைமைப் பதியாகக் கொண்ட அய்யாவழியில் மரணம் முடிவாகக் கருதப்படுவதில்லை. தர்மயுகம் பிறக்கும்போது நல்லோர் உயிர்த்தெழுவர் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அதனால் உடலை நெருப்புக்குக் கொடுக்காமல், வடக்கு நோக்கிப் பத்மாசன நிலையில் இருத்தி, மணலாலோ திருநாம மண்ணாலோ மூடுவது அவர்களுடைய முறை. இறந்தவர் தவத்தில் இருக்கிறார் என்ற எண்ணமே அதற்கு அடிப்படை. இந்த வழியைத் தோற்றுவித்த அய்யா வைகுண்டர் 1851இல் அடக்கமான இடத்தின் மீதுதான் சாமிதோப்புப் பதியின் பள்ளியறை அமைந்திருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மேலாடை அணியவும் கோவிலுக்குள் நுழையவும் உரிமை மறுக்கப்பட்ட மக்களிடையே எழுந்த வழி இது. உயிரோடு இருக்கையில் தீண்டத்தகாததென்று ஒதுக்கப்பட்ட உடலை, இறந்த பின் தவமிருக்கும் உடலாக மதித்து அமர்த்துவது வெறும் சடங்கு அன்று. அந்த மக்கள் தங்களுக்குத் தாங்களே அளித்துக்கொண்ட மரியாதை என்றே கொள்ள வேண்டும். நேரமாகிறது, வேலை மிச்சம் என்றெல்லாம் சொல்லி அய்யாவழிக் குடும்பத்தைத் தகன மேடைக்கு அனுப்ப முயலும் அண்டை வீட்டார் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

சொந்த வீட்டு நிலத்தில் அடக்கம் செய்யலாமா?

மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், குறிப்பாகக் கல்குளம், விளவங்கோடு வட்டங்களில், எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். அங்கே வீடுகள் கிழக்குப் பகுதியைப் போலத் தெருவாக அடுத்தடுத்து அமைவதில்லை. தென்னையும் பலாவும் மரச்சீனியும் நிற்கும் தனித்தனி விளைகளுக்குள் வீடு இருக்கும். அந்த விளையின் தெற்கு மூலையில் தாத்தாவும் பாட்டியும் படுத்திருப்பார்கள். சிமெண்ட் பூசிய மேடை, தலைமாட்டில் விளக்கு வைக்க ஒரு சிறு மாடம், மழையில் கறுத்துப்போன பெயர்ப்பலகை, பக்கத்தில் அந்த ஆண்டில் நட்டு இப்போது காய்த்து நிற்கும் தென்னை என்று அந்த மூலை இருக்கும். செவ்வாயும் வெள்ளியும் மருமகள் அங்கே திரி போடுவாள். இறந்தவர் வீட்டை விட்டுப் போகவில்லை என்ற ஆறுதல் அதில் இருக்கிறது. அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் சட்டம் வேறு. கிராம ஊராட்சிகளுக்கான 1999ஆம் ஆண்டு இடுகாடு, சுடுகாடு விதிகளின்படி, பதிவு செய்யப்பட்ட அல்லது உரிமம் பெற்ற இடத்தில்தான் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். குடியிருப்புக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 90 மீட்டருக்குள் புதிய மயானம் அமைய முடியாது. ஐந்து சென்ட், பத்து சென்ட் மனைகளில் 90 மீட்டர் என்பது பல வீடுகளைத் தாண்டிய தூரம். "அப்பாவை இங்கேதானே வைத்தோம், அம்மாவை மட்டும் ஏன் தடுக்கிறீர்கள்?" என்ற கேள்வியோடு ஊராட்சி அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் அலைகிற பிள்ளைகளின் வேதனை புரிகிறது. தந்தை இறந்தபோது அந்த விளை ஒன்றரை ஏக்கராக இருந்திருக்கும். பாகம் பிரித்து விற்று, சுற்றிலும் வீடுகள் எழுந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிணறு தோண்டப்பட்ட பிறகு, அதே இடம் வேறோர் இடமாகிவிட்டது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறும் மண்ணில், உடல் சிதையும்போது கசியும் நீர் அருகிலுள்ள ஆழமில்லாத கிணற்றை எட்டக்கூடும் என்ற அண்டை வீட்டாரின் அச்சம் வீண் அச்சமன்று.

எங்கள் கருத்து இது: வீட்டு நிலத்தில் அடக்கம் செய்ய விரும்புவோர், வீட்டில் முதியவர்கள் நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே எழுத்து வடிவில் உரிய அனுமதி கேட்டுப் பார்க்க வேண்டும். உடலை முற்றத்தில் வைத்துக்கொண்டு சண்டையிடுவதால் பலன் ஒன்றும் வராது. அனுமதி கிடைக்காதென்று தெரிந்தால், தகனம் செய்து சாம்பலில் சிறிதைத் தந்தையின் மேடைக்கு அருகில் வைப்பதைச் சில குடும்பங்கள் மனநிறைவோடு ஏற்றிருக்கின்றன. ஏற்கெனவே கல்லறை உள்ள நிலத்தை விற்கும்போது அதை வாங்குபவரிடம் மறைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கிறித்தவர்கள் தகனம் செய்துகொள்ளலாமா?

கத்தோலிக்கத் திருச்சபை 1963இல் இதற்கு இசைவு தந்தது; 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் அதை உறுதிப்படுத்தியது. உயிர்ப்பை மறுக்கும் நோக்கத்தோடு தகனத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதே நிபந்தனை. எனினும் அடக்கமே விரும்பத்தக்கது என்று திருச்சபை இன்றும் சொல்கிறது. 2016இல் வெளியான வத்திக்கான் அறிவுறுத்தலின்படி சாம்பலைக் கடலிலோ காற்றிலோ தூவக் கூடாது. வீட்டில் வைத்துக்கொள்ளவோ உறவினர்கள் பங்கிட்டுக்கொள்ளவோ கூடாது. கல்லறைத் தோட்டம் போன்ற புனித இடத்தில்தான் வைக்க வேண்டும். மிகச் சிறிய பகுதியை மட்டும் இறந்தவரின் வாழ்வோடு தொடர்புடைய வேறோர் இடத்தில் வைக்கத் திருச்சபை அதிகாரிகளிடம் இசைவு கேட்கலாம் என்று 2023இல் வத்திக்கான் சற்றுத் தளர்த்தியது. கொரோனாக் காலத்தில், 2020இல், கேரளத்தின் ஆலப்புழை மறைமாவட்டம் இறந்தோரைத் தகனம் செய்து சாம்பலைக் கல்லறையில் அடக்கியது நம் பக்கத்திலேயே நடந்த எடுத்துக்காட்டு. சீர்திருத்தச் சபைகளில் கோட்பாட்டளவில் பெரிய தடை இல்லை, பழக்கந்தான் தடை. ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ முன்கூட்டிப் பேசிவிட்டால் இந்தப் பழக்கத்தைக் கடப்பது கடினமன்று.

உடல் முழுதாக இருந்தால்தான் உயிர்த்தெழ முடியும் என்று அஞ்சும் முதியவர்களுக்கு, இந்த மாவட்டத்துப் புனிதரையே நினைவூட்டலாம். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயத்தின் உடல் காட்டில் வீசப்பட்டது. பின்னர் கிடைத்த எலும்புகளைப் பொறுக்கி எடுத்துக் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கினார்கள். 2022 மே 15 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை என்கிறார்கள். பழைய குழியைத் தோண்டுவது பாவம் இல்லையா?

பாவம் இல்லை; பல தலைமுறைகளாக நடந்து வருவதுதான். ஆண்டுகள் சில கடந்தபின் அதே குழியைத் திறந்து, எஞ்சிய எலும்புகளை ஒரு புறமாக ஒதுக்கிப் புதியவரை வைப்பது ஊர்க் கல்லறைகளில் பொதுவான நடைமுறை. சிக்கல் எங்கே எழுகிறது என்றால், வசதியுள்ள குடும்பங்கள் கிரானைட் பதித்து நிரந்தரக் கல்லறை கட்டும்போது. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் போய்ப் பார்த்தால் இது கண்ணுக்குப் புலப்படும். தோவாளைப் பூக்களும் மெழுகுதிரிகளும் நிறைந்த பளிங்கு மேடைகளுக்கு நடுவே, ஒரு மரச் சிலுவையும் சுண்ணாம்பு தடவிய நான்கு கற்களும் மட்டும் கொண்ட மண்மேடுகள் ஆண்டுக்கு ஆண்டு நெருக்கிக்கொண்டே போகின்றன. கட்டடக் கல்லறைகளுக்கு வரம்பு வைக்கும் பங்குகளும் சபைகளும் சரியானதைச் செய்கின்றன. தேக்குப் பெட்டியும் உள்ளே பிளாஸ்டிக் விரிப்பும் வைத்து உடலை மண்ணுக்குக் கொடுக்காமல் தடுப்பதும் இதே நெருக்கடியைக் கூட்டுகிறது. எளிய மரப்பெட்டியே போதும்.

முஸ்லிம் வீட்டு மய்யித்துக்குப் போகும் பிற சமயத்தார் எதை அறிந்திருக்க வேண்டும்?

நல்லடக்கம் விரைவில் நடக்கும் என்பதை முதலில் அறிய வேண்டும். வெளியூர் உறவினருக்காக நாட்கணக்கில் குளிர்பெட்டியில் வைத்திருப்பதை அவர்கள் பொதுவாக விரும்புவதில்லை. உடலைக் குளிப்பாட்டி, தைக்காத வெள்ளைக் கஃபன் துணியில் சுற்றி, சந்தூக்கில் சுமந்து சென்று, ஜனாஸாத் தொழுகைக்குப் பின் மையவாடியில் கிப்லாவை, அதாவது மக்காவின் திசையை, நோக்கி முகம் இருக்கும்படி கபரில் வைப்பார்கள். பெட்டி இல்லை, மாலை இல்லை, மேளம் இல்லை. மாலை வாங்கிக்கொண்டு போய் எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பதைவிட, கபருக்கு மூன்று கைப்பிடி மண் இடும் நேரத்தில் அமைதியாக உடன் நிற்பது அந்த வீட்டாருக்கு உகந்ததாக இருக்கும்.

எரிவாயு மேடையில் தகனம் செய்தால் எலும்பு பொறுக்கும் சஞ்சயனம் முறையாக நடக்குமா?

நடக்கும். விறகில் எரிக்க ஏறத்தாழ 300 முதல் 500 கிலோ வரை விறகு தேவைப்படுகிறது. எரிவாயு மேடையில் மரம் பெருமளவு மிச்சமாகிறது. வேலையும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மழைக்காலத்தில் சிதை அணைந்துபோகும் கொடுமையும் இல்லை. தீமூட்டும் மகன் கையிலிருந்து கொள்ளி பறிபோகிறது என்ற மனக்குறைக்குப் பெரும்பாலான மேடைகளில் வழி இருக்கிறது: உள்ளே அனுப்பும் முன் உடலின் மேல் சூடம் கொளுத்தச் செய்கிறார்கள்.

பழைய முறையில், தீ ஆறிய பின் பாலும் இளநீரும் தெளித்து, கால் எலும்பில் தொடங்கித் தலை நோக்கிப் பொறுக்கி மண்கலயத்தில் சேர்த்து வாய்க்குத் துணி கட்டுவார்கள். மேடையில் அந்த வரிசை கிடைக்காது. மொத்தமாக ஒரு கலயத்தில் தருவார்கள். பாலும் இளநீரும் அதன் மேல் தெளித்துக்கொள்ளலாம். அஸ்தியைக் குமரி முக்கடலிலோ குழித்துறைத் தாமிரபரணியிலோ கரைக்கிறார்கள். ஆடி அமாவாசையன்று முன்னோருக்குப் பலிச் சடங்கு செய்ய இவ்விரு இடங்களிலும் கூட்டம் நிறையும். குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சியே அந்த நாளை ஒட்டி எழுந்ததுதான். 1948இல் காந்தியடிகளின் அஸ்தி முக்கடலில் கரைக்கப்படும் முன் வைக்கப்பட்டிருந்த இடத்தில்தான் காந்தி மண்டபம் நிற்கிறது. அஸ்தியோடு பிளாஸ்டிக் பைகளையும் கலயத்தையும் துணிகளையும் நீரில் எறிய வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம்.

ஒரு எச்சரிக்கை: இறந்தவருக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டிருந்தால், தகனத்துக்கு முன் மருத்துவரைக் கொண்டு அதை எடுத்துவிட வேண்டும். கடும் வெப்பத்தில் அதன் மின்கலம் வெடிக்கும்.

பெண்கள் சுடுகாட்டுக்கு வரலாமா? மகள் கொள்ளி வைக்கலாமா?

வரலாம், வைக்கலாம்; சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. கிறித்தவக் குடும்பங்களில் பெண்கள் கல்லறை வரை வருவது இங்கே இயல்பு. மகன்கள் வெளிநாட்டில் இருக்க, கடைசிவரை மலம் எடுத்து மருந்து கொடுத்த மகளை வாசலோடு நிறுத்தி, தூரத்து உறவினனிடம் கொள்ளிக்குடத்தைக் கொடுப்பது நியாயமாகப் படவில்லை.

கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. என்ன செய்வது?

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் தாக்கிய பின், தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி உள்ளிட்ட கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு இந்தக் கேள்வி எழுந்தது. ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்த விசைப்படகுத் தொழிலாளர்கள் மீட்கப்படாத நிலையில், டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் தண்டவாளத்தில் அமர்ந்து கேட்டதும் இதைத்தான்: உயிரோடு கொண்டுவாருங்கள், இல்லையென்றால் உடலையாவது கொடுங்கள். கேரளக் கடற்கரைகளில் ஒதுங்கிய உடல்கள் முகம் தெரியாமல் இருந்ததால், மரபணுச் சோதனைக்குப் பின்புதான் ஒப்படைக்கப்பட்டன. எங்கோ ஒரு பிணவறையில் எண் எழுதிய சீட்டோடு கிடந்தவரைத் தன் மகன் என்று உறுதிசெய்ய, ஒரு தாய் தன் இரத்தத்தைக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டப்படி, ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லையென்றால்தான் அவர் இறந்ததாகக் கொள்ள முடியும். ஒக்கியின்போது அவ்வளவு காலம் காத்திருக்கச் செய்யாமல் நிவாரணம் வழங்க அரசு முன்வந்தது. தனித்தனியாக நிகழும் கடல் விபத்துகளில் அந்தச் சலுகை தானாகக் கிடைக்காது. எனவே காணவில்லை என்ற அன்றே கடலோரக் காவல் குழுமத்திலும் மீன்வளத் துறையிலும் எழுத்தில் புகார் அளித்து, உடன் சென்றவர்களின் வாக்குமூலத்தைப் பதிவு செய்து வைப்பது மிகவும் தேவை. வங்கிக் கணக்கும் காப்பீடும் விதவை உதவித்தொகையும் அந்தத் தாள்களைச் சார்ந்தே இருக்கும்.

சடங்கைப் பொறுத்தவரை, உடல் இல்லாமலே இறந்தோர் திருப்பலி நிறைவேற்றலாம். ஆனால் எப்போது என்பதை வீட்டாரே முடிவு செய்ய வேண்டும். "ஏழாம் நாள் ஆகிவிட்டது, பூசை வைத்துவிடுங்கள்" என்று வெளியார் அவசரப்படுத்தினால், கணவன் ஏதோ ஒரு தீவில் கரையேறியிருப்பான் என்று நம்பிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, அவனைத் தன் கையாலேயே கொன்றதுபோல் ஆகிவிடும். பல மாதம் கழிந்தும் சட்டையைத் துவைக்காமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை அப்படியே விட்டுவிடுங்கள்.

சுனாமியின்போது மொத்தமாகப் புதைத்தது நோய் பரவாமல் இருக்கத்தானே?

2004 டிசம்பர் 26க்குப் பின் கொளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய ஊர்களில் அந்த அச்சம் இருந்தது உண்மை. ஆனால் இயற்கைப் பேரிடரில் காயத்தாலும் நீரில் மூழ்கியும் இறந்தோரின் உடல்களால் கொள்ளைநோய் பரவுவதில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. உயிரோடிருப்போருக்குத் தூய குடிநீர் இல்லாமையே அதைவிடப் பெரிய ஆபத்து. ஆகவே இனி ஒருமுறை அப்படி நேர்ந்தால், புதைக்கும் முன் ஒவ்வோர் உடலையும் படம் எடுத்து, அடையாளங்களையும் உடைகளையும் குறித்து, எண்ணிட்டுத் தனித்தனியாக வைக்க நேரம் ஒதுக்க வேண்டும். தன் பிள்ளை எந்த இடத்தில் இருக்கிறான் என்று தெரியாமல், பொதுக் கல்லறை முழுவதற்கும் பூத்தூவும் பெற்றோரின் நிலை மீண்டும் எவருக்கும் வரக் கூடாது.

உடல்தானம் செய்தால் இறுதிச் சடங்கே இல்லாமல் போய்விடுமா?

வீட்டில் வைத்து வழிபாடு, அஞ்சலி எல்லாம் செய்த பின்பு உடலை ஒப்படைக்கலாம். ஆசாரிப்பள்ளத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையை அணுகலாம். இறந்தவர் உயிரோடிருந்தபோது படிவம் எழுதிக் கொடுத்திருந்தாலும், நெருங்கிய உறவினர் இசையாவிட்டால் தானம் நடக்காது. பிரேதப் பரிசோதனை செய்யப்பட்ட உடல்களையும் சில தொற்றுநோய்களால் இறந்தோரின் உடல்களையும் ஏற்பதில்லை. கண்தானத்துக்கு இத்தனை சிக்கல் இல்லை. ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், அவ்வளவே. இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைத்தால் போதும். முகம் சிதையாது, அதன் பின் அடக்கமோ தகனமோ குடும்பத்தின் விருப்பம். உறுப்புதானம் செய்தோரின் உடலுக்கு அரசு மரியாதை அளிக்கப்படும் என்று 2023இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

வளைகுடாவில் இறந்தவரின் உடலைக் கொண்டுவர எவ்வளவு நாளாகும்?

இயற்கை மரணமென்றால் சில நாட்களிலும், விபத்தோ காவல் விசாரணையோ இருந்தால் வாரக்கணக்கிலும் ஆகலாம். அந்நாட்டு இறப்புச் சான்று, இந்தியத் தூதரகத்தின் தடையின்மைச் சான்று, ரத்து செய்யப்பட்ட கடவுச்சீட்டு, உடல் பதப்படுத்தப்பட்டதற்கான சான்று ஆகியவை இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். நமக்கு அருகிலுள்ளது திருவனந்தபுரம் விமான நிலையம்; உடல் வந்திறங்கும் நேரத்துக்கு ஆம்புலன்ஸை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பதப்படுத்திய உடலைக் குளிப்பாட்ட முயல வேண்டாம். பெட்டியைத் திறப்பதா என்பதைக் கூடவந்த தாளில் உள்ள குறிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வீட்டில் இரண்டு சமயம். அப்பாவை யார் முறைப்படி அனுப்புவது?

அப்பாவின் முறைப்படி. இதில் எங்களுக்கு ஐயமே இல்லை. பிள்ளைகள் எந்தச் சபைக்குப் போனாலும், அவர் கடைசிவரை திருநீறு பூசியவராக இருந்தால் திருநீற்றோடும், நாமம் இட்டவராக இருந்தால் நாமத்தோடும் போகட்டும். ஜெபிக்க விரும்பும் மகன் தனக்குள் ஜெபித்துக்கொள்ளலாம். அதை யாரும் தடுக்கப்போவதில்லை.

அவருடைய விருப்பம் தெரியாமல் இருப்பதே பெரும்பாலான சண்டைகளுக்குக் காரணம். உயிலில் எழுதி வைப்பது பயன்படாது. உயிலைப் பிரிப்பது பதினாறாம் நாளுக்குப் பிறகுதான். ஒரு வெள்ளைத்தாளில் அடக்கமா தகனமா, எந்த இடத்தில், யார் முன்னின்று செய்ய வேண்டும், கண்தானம் உண்டா, பேஸ்மேக்கர் இருக்கிறதா, எந்தப் பங்கு அல்லது சபை அல்லது ஜமாத்தில் பெயர் இருக்கிறது என்று எழுதிக் கையொப்பமிட்டு, இரண்டு பிள்ளைகளுக்காவது காட்டிவிட்டு, குடும்ப அட்டையோடும் ஆதாரோடும் சேர்த்து வையுங்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய எப்படியும் அந்த உறையைத் தேடித்தான் யாராவது அலமாரியைத் திறப்பார்கள்; தாள் அங்கே இருக்கிறது என்பதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.